சந்தன மொட்டையில் விழுந்த குட்டு

குடுமித் தலையில் குட்டு விழுந்தால் சத்தம் அமுங்கிவிடும். கிராப்புத் தலையில் 'மொத்' என்று கேட்கும். மொட்டைத் தலையில், அதுவும் சந்தனம் பூசிக் காய்ந்து வெடித்திருக்கிற மொட்டையில் விழுந்தால், 'ணங்' என்ற சத்தத்தோடு குட்டியவனின் விரல் முட்டியிலும் கொஞ்சம் சந்தனப் பொடி ஒட்டிக்கொள்ளும். அந்தப் பொடியின் வாசனை ஒருநாள் முழுக்க என் வலது கையில் இருந்தது. பன்னிரண்டு வயதில் என் படிப்பு முடிந்த நாள் அது.

நான் படித்தது இரண்டாம் பாரம் வரைதான், இன்றைய பேச்சில் ஏழாம் வகுப்பு. ஆனாலும் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லை ஏற்றிச் சொந்த லாரி ஓட்டிய முதல் ஆட்களில் நானும் ஒருவன் என்பதையும், மெட்ராஸ் கம்பெனிகளிலிருந்து வரும் இங்கிலீஷ் கடிதத்தை இன்றுவரை இன்னொருவன் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னதில்லை என்பதையும் இந்த வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பட்டதாரிகளை வேலைக்கு வைத்திருக்கிறேன். அவர்கள் எழுதுகிற கடிதத்தில் 'பை' என்ற சின்ன இங்கிலீஷ் சொல் வரக்கூடாத இடத்தில் வந்தால் பேனாவை எடுத்து அடிப்பவன் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை என்றால் அது பொய், பெருமைக்காகத்தான் சொல்கிறேன். அந்தப் பெருமை சிறுவயதில் எனக்கு என்ன செய்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

என் அப்பா, பெரம்பலூருக்கு அந்தப் பக்கம் கரிசல்காட்டு ஊர் ஒன்றில், பெரிய வீட்டு மிராசுதாரின் நிலத்தை, விளைச்சலில் பங்கு கொடுக்கிற வாரத்துக்கு உழுதவர். வாரத்துக்கு உழுகிறவன் மகன் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் போவது அன்று நடக்கிற காரியமல்ல. நான் போனதற்குக் காரணம் மிராசுதாரின் மகன் நடராசன். மூன்று மைல் நடந்துபோய் வர அவனுக்கு ஒரு துணை வேண்டும் என்று, பள்ளிக்கூடச் சம்பளத்தைத் தானே கட்டி என்னையும் சேர்த்துவிட்டார் அவர். வகுப்பில் நாங்கள் 'வாடா, போடா'. திரும்பி வரும்போது ஊர் எல்லை தாண்டிவிட்டால் அவன் எனக்குச் 'சின்னையா'. புத்தகம் அவனிடம்தான் உண்டு. மண்ணெண்ணெய்க்கு ரேஷன் போட்டிருந்த இரண்டாம் உலகச் சண்டைக்காலம் ஆனதால், வெளிச்சம் இருக்கும்போதே, நடந்துகொண்டே அவன் வாசிப்பான், நான் திருப்பிச் சொல்வேன். மழை நாளில் கரிசல் மண் பாதத்தில் அப்பிக் கால் கனத்துப்போகும்; பத்தடிக்கு ஒருமுறை நின்று குச்சியால் சுரண்டிவிட்டு மறுபடியும் பாடம்.

அந்த வருஷம் இங்கிலீஷ் சார் எங்களுக்குச் 'செயப்பாட்டு வினை' நடத்தினார். வேலையைச் செய்தவனைப் பின்னால் தள்ளி, செய்யப்பட்டதை முன்னால் நிறுத்துகிற வாக்கியம் அது. பின்னால் போனவனுக்கு முன்பு 'பை' என்ற சின்னச் சொல்லைப் போட்டால் போதும் என்று முதல் நாள் சொன்னார். நாங்களும் நிம்மதியாக இருந்தோம். மறுநாளே அந்த நிம்மதி போயிற்று. சில வினைகளோடு 'பை' சேராதாம். நிரம்பியிருந்தால் 'ஃபில்ட் வித்', ஆச்சரியப்பட்டால் 'சர்ப்ரைஸ்ட் அட்', ஆர்வம் இருந்தால் 'இன்ட்ரஸ்டட் இன்', தெரிந்திருந்தால் 'நோன் டு'. ஏன் என்று கேட்டால், "வெள்ளைக்காரன் அப்படித்தான்டா பேசுறான். எல்லாத்துக்கும் 'பை'யத் தூக்கிட்டு வராதீங்க, சந்தைக்கா போறீங்க?" என்பார்.

மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு உருப்போட்டார்கள். நான் அப்படிச் செய்யவில்லை. 'எனக்குத் தெரிந்தவர்' என்று நாம் சொல்லும்போதே அங்கே ஒரு 'கு' இருக்கிறதல்லவா, அந்தக் 'கு'தான் வெள்ளைக்காரனின் 'டு' என்று கரிசல் பாதையில் நடக்கும்போது எனக்கே தோன்றியது. யாரும் சொல்லித் தரவில்லை. நடராசனிடம் சொன்னேன். அவன் நின்று, புத்தகத்தைப் பார்த்து, என்னைப் பார்த்து, "அட ஆமாடா கந்தா!" என்றான். அந்த 'அட'வை வைத்துக்கொண்டு ஒரு வாரம் தலை நிமிர்ந்து திரிந்தேன்.

எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம். கேள்வி பெஞ்சு வரிசையாகப் போகும். தெரியாதவன் எழுந்து நிற்க வேண்டும். கடைசியில் எவன் சரியாகச் சொல்கிறானோ அவன் போய் நிற்பவர்கள் தலையிலெல்லாம் குட்ட வேண்டும். மெதுவாகக் குட்டினால் குட்டியவனுக்குச் சார் கையால் இரண்டு. நான் விடை தெரியாமல் நின்ற நாட்களில் நடராசன் என் தலையில் விரலை வைத்து எடுப்பான், அவ்வளவுதான். அதற்காக அவன் சாரிடம் எத்தனை முறை இரண்டிரண்டாக வாங்கியிருக்கிறான் என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை.

அந்த வாரம் செட்டிகுளத்து மலை முருகனுக்கு நேர்ந்துகொண்டபடி நடராசனுக்கு முடியிறக்கியிருந்தார்கள். பளபளவென்று சந்தன மொட்டையோடு வந்து உட்கார்ந்திருந்தான். சார் கேட்டது சின்ன வாக்கியம்: 'எல்லாருக்கும் அவனைத் தெரியும்' என்பதற்கான இங்கிலீஷைச் செயப்பாட்டில் மாற்று. ஒவ்வொருவனாக 'பை' போட்டு எழுந்து நின்றான். நடராசன் முறை வந்தது. அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு எழுந்து நின்றுகொண்டான். அடுத்து நான். "ஹி இஸ் நோன் டு எவ்ரிபடி, சார்."

"சபாஷ்! போய்க் குட்டுடா."

ஆறு பேரைக் குட்டிவிட்டு ஏழாவதாக அவனிடம் வந்தேன். விரலை வைத்து எடுத்திருக்கலாம். சாரிடம் இரண்டு வாங்கியிருந்தால் செத்தா போயிருப்பேன்? ஆனால் வகுப்பே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஓங்கிக் குட்டினேன். பின் பெஞ்சிலிருந்து ஒருவன், "தேங்கா ஒடஞ்சுது, அரோகரா!" என்று கத்த, எல்லாரும் சிரித்தார்கள். நடராசனும் சிரித்தான். கண்ணில் தண்ணீர் நின்றது.

நாங்கள் ஊர் வந்து சேர்வதற்குள் சேதி பெரிய வீட்டுக்குப் போய்விட்டது. முற்றத்தில் அப்பா ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். மிராசுதார் சத்தம் போடுகிறவர் அல்ல.

"முருகனுக்குக் குடுத்த தலை. இன்னும் சந்தனம்கூட உதிரல. அதுல கை வச்சிருக்கான் ஒம் மவன்" என்றார் அப்பாவிடம்.

"புத்தி கெட்ட பய, ஐயா. தோல உரிச்சிப்புடுறேன்."

அப்போது நடராசன் முன்னால் வந்தான். "இல்லப்பா, நான்தான் குட்டச் சொன்னேன். எனக்கு விடை தெரியும்ப்பா. வெளையாட்டுக்குத்தான் எழுந்து நின்னேன். அவன் மேல தப்பில்ல."

மிராசுதார் என் பக்கம் திரும்பினார். "அப்படியாடா?"

ஒரே ஒரு சொல்தான். 'ஆமாங்க' என்றிருந்தால் மறுநாள் காலையில் நான் சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருப்பேன். அவர் முகத்திலும் விட்டுவிடலாம் என்ற தளர்ச்சி தெரிந்தது. எனக்கு மட்டும் உள்ளே என்னவோ எரிந்தது. விடை நான் கண்டுபிடித்தது. அதை அவன் விட்டுக்கொடுத்ததாக ஆக்கிவிட்டால் எனக்கென்று என்ன மிச்சம்?

"இல்லீங்க. சின்னையாவுக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியும்" என்றேன்.

அப்பா மூச்சு விடுவது கேட்டது. மிராசுதார் சிரித்தார். "இம்புட்டுத் தெரிஞ்சவனுக்கு இன்னும் என்னத்துக்குப் படிப்பு? நாளையிலேருந்து கெணத்துக்கு வரட்டும்."

அப்பா என்னை அடிக்கவில்லை. வழியில் ஒரே ஒரு முறை கேட்டார்: "ஆமாங்கன்னு சொல்லியிருந்தா ஒன் வாயிலேருந்து முத்தாடா கொட்டிப்போயிருக்கும்?" அதற்குப் பிறகு, சாகும்வரை, அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

மறுநாளிலிருந்து கமலை ஓட்டினேன். இரண்டு மாடுகளைச் சரிவில் இறக்கி இறக்கி ஏற்றினால் கிணற்றிலிருந்து தோல்சாலில் தண்ணீர் மேலே வரும். காலையிலிருந்து பொழுது சாயும்வரை அதே பத்துப் பன்னிரண்டு தப்படி. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டுத் தனியாக வரும் நடராசன், வாய்க்கால் கரையில் உட்கார்ந்து அன்றைய பாடத்தைச் சத்தமாக வாசிப்பான். எனக்காக வாசிக்கிறேன் என்று ஒருநாளும் சொல்லமாட்டான். "எனக்கு உருப்போடணும்டா" என்பான். மாடு இறங்கும்போது வினை, ஏறும்போது அதன் சின்னச் சொல். நான் படித்த இங்கிலீஷில் பாதி அந்தச் சரிவில் ஏறியிறங்கிப் படித்தது. அவன் திருச்சிக்குப் படிக்கப் போகும்வரை, ஏறக்குறைய இரண்டு வருஷம், இது நடந்தது.

அதன் பிறகு நான் வண்டியோட்டி, கிளீனராகி, டிரைவராகி, முதலாளியானது எல்லாருக்கும் தெரிந்த கதை. நடராசன் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்து ரிட்டயர் ஆனான். எங்கள் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் வந்திருக்கிறான், நானும் அவன் வீட்டுக்குப் போயிருக்கிறேன். அந்தச் சாயங்காலத்தைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மாலை போடுகிற மேடையில் எல்லாம், இரண்டாம் பாரத்திலேயே மிராசுதார் மகனைக் குட்டியவன் நான் என்று சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். ஒருமுறை அவனே முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினான்.

இப்போது பள்ளிக்கூடத்தில் யாரும் யாரையும் குட்டுவதில்லை. அது போனதில் எனக்கு வருத்தமில்லை. கமலைக் கிணறு தூர்ந்துவிட்டது. பெரிய வீட்டு முற்றத்தின் மேல் நான்குவழிச் சாலை போகிறது. என் லாரிகளும் அதன் மேல்தான் போகின்றன. அந்த முற்றத்தில் நின்ற நால்வரில் மூன்று பேர் இல்லை. போன பங்குனியில் நடராசனும் போய்விட்டான்.

விடைக்கான சூட்சுமத்தை நான் கண்டுபிடித்தது உண்மை. அதை முதன்முதலில் கேட்டவன் அவன் என்பதும் உண்மை. பாடம் இருந்த பக்கத்தை எனக்கு வாசித்துக் காட்டியதும் அவன்தான். மிராசுதார் முகத்தைப் பார்த்து நான் வாயைத் திறந்தபோது, அவனுக்கும் விடை தெரியும் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். 'அப்படியாடா?' என்று அவர் கேட்ட கேள்விக்குச் சரியான பதிலை, கேட்டவர் இல்லாத இந்த நாளில் சொல்கிறேன்: ஆமாங்க.