கொழும்பில் இறங்கிய பெட்டி

பொத்துவில் பஸ்ஸுக்காக அக்கரைப்பற்றுச் சந்தியில் நிற்கிறேன். பையின் வார் அறுந்துவிடுகிறது. எதிரே தையற்கடை. கடைக்காரி ரிஸ்மியா பையை வாங்கித் தைக்கத் தொடங்குகிறார். கண் மட்டும் அடிக்கடி போனுக்குப் போகிறது.

“என்ன பாக்கிறீங்க?”

“கொண்டெய்னர், அண்ணன். கட்டார்ல இருந்து எங்கட காக்கா, என்ட கூடப்பிறந்தவர், எம்ப்ராய்டரி மெஷின் அனுப்பினவர். கப்பல் கொழும்புக்கு வந்திட்டு. பெட்டி எங்க நிக்கிதெண்டு காட்டுதில்ல.”

கொழும்பில் இறங்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை வேறு கப்பலேறி வேறு நாட்டுக்குப் போகிறவையாம். அவற்றோடு இதுவும் போய்விட்டால்? பெருநாள் உடுப்புகளுக்கு ஊரெல்லாம் வாக்குக் கொடுத்தாயிற்று. கணவருக்குத் துறைமுகத்தில்தான் வேலை, காலையிலிருந்து தேடுகிறாராம்.

போன் அடிக்கிறது. கணவர்தான். கை வேலையாக இருப்பதால் ஸ்பீக்கரில் போடுகிறார்.

“கிடைச்சிட்டு புள்ள! பங்களாதேஷுக்குப் போற பெட்டிகளுக்குள்ள நிண்டிச்சு. இப்ப வெளிய எடுத்தாச்சு.”

“அல்ஹம்துலில்லாஹ்!” தையல் மெஷினை நிறுத்திவிட்டு வாய்விட்டுச் சிரிக்கிறார். பிறகு ஸ்பீக்கரை அணைத்து, போனைக் காதோடு வைத்து, குரலைத் தாழ்த்துகிறார்.

“அது வரட்டும் மச்சான். நீங்க எப்ப வாறீங்க?”

பதில் எனக்குக் கேட்கவில்லை. அவர் முகம் சிவக்கிறது.

“மெஷின் ஏத்தி வாற லொறியிலயே அவரும் வாறாராம்,” என்கிறார், நான் கேட்காமலே.