சுவரில் ஒட்டிய ஜப்பான் பெண்கள்

எங்கள் வீட்டுச் சுவரில் இருந்த அந்தப் பெண்கள் யாரென்று பல வருடம் கழித்துக் கல்லூரி நூலகத்தில்தான் தெரிந்துகொண்டேன். பழைய ஜப்பானில் மரப்பலகையில் செதுக்கி, மை தடவி அச்சடித்த படங்கள் அவை. அவற்றில் ஓய்வாக இருக்கும் பெண்களில் பலர் வறுமையால் சின்ன வயதிலேயே தாசி விடுதிகளுக்கு விற்கப்பட்டவர்கள். விடுதியை விட்டு வெளியே போக அனுமதி இல்லாதவர்கள். அண்ணியிடம் நான் அதைச் சொல்லவேயில்லை. அவள் அவர்களைப் பெரிய வீட்டுப் பெண்கள் என்றே நம்பியிருந்தாள்.

மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டரை ஓட்டிய என் அண்ணன், யாரோ தூக்கிப்போட்ட காலண்டர் ஒன்றைக் கொண்டுவந்தான். அண்ணி தாள்களைக் கிழித்து மண்சுவரில் ஒட்டினாள். ஒருத்தி கண்ணாடி முன் கழுத்துக்குப் பவுடர் பூசினாள். இரண்டு பேர் விசிறியோடு படகில் போனார்கள். ஒருத்தி குப்புறப் படுத்துப் புத்தகம் படித்தாள்.

"படுத்துக்கினு படிக்கிறா பாரு பாப்பா. இவள களையெடுக்க யாரும் கூப்புட மாட்டாங்களா?" என்றாள் அண்ணி. அப்போது அவளுக்கு நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வயிற்றோடுதான் மல்லாட்டைக் கொல்லையில், நிலக்கடலை வயலில், குனிந்து களை எடுத்தாள்.

அந்த வருடம்தான் இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்தது. புளியமரங்களை வெட்டிச் சாலையின் குறுக்கே சாய்த்தார்கள். பஸ் நின்றது. போலீஸ் ஊர் ஊராக வந்து ஆண்களைப் பிடித்துப்போனது. அண்ணன் கல்வராயன் மலைப்பக்கம் ஓடி ஒளிந்தான். அம்மா அப்பா இல்லாத வீட்டில் நானும் அண்ணியும்தான். யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

ஒருநாள் அண்ணி பட்டப்பகலில் தலைக்குக் குளித்தாள். கூந்தலை விரித்துப் போட்டுக்கொண்டு, என்னைக் கண்ணாடி பிடிக்கச் சொன்னாள்.

"நல்லா தூக்கிப் புடி. கழுத்து தெரியணும்."

"இன்னாத்துக்கு அண்ணி?"

"சும்மாதான். வேற இன்னா வேல இருக்குது?"

சிரித்தாள். அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அரிசி கம்மியாகத்தான் இருந்தது. கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தோம்.

மறுநாள் விடியலில் அவளுக்கு வலி எடுத்தது. பக்கத்து வீட்டு மாமா மாட்டுவண்டி பூட்டினார். திருக்கோவிலூர் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். பாதி வழியில் மரம் கிடந்தது. அங்கே நின்ற ஆட்கள் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள். மரத்தைத் தள்ளிப் பார்த்தார்கள். அது அசையவில்லை. "கொல்லை வழியா சுத்திக்கினு போங்க" என்றார் ஒருவர். சேற்றில் சக்கரம் புதைந்தது. வண்டியிலேயே பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. அழவில்லை. நான் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தேன்.

"போதும், வுடு பாப்பா," என்றாள் அண்ணி.

கொல்லை ஓரத்திலேயே மாமா குழி வெட்டினார். வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

மூன்றாம் நாள் அவளுக்குப் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தது. வீட்டின் பின்னால் போய் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு பாலைப் பீய்ச்சி மண்ணில் விட்டாள். அண்ணன் மலையிலிருந்து இறங்கி வந்தபோது வீட்டில் அவள் இல்லை. மறியல் முடிந்து, களையெடுக்க ஆள் கூப்பிட்டிருந்தார்கள். அவள் இருந்த கொல்லைக்கு நான்தான் அவனை அழைத்துப்போனேன்.