ஒரு சங்கிலி, இரண்டு பூட்டு, ஒரு விடிவெள்ளி

மைதானம் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு ஓடத் தெரிய வேண்டாம், பந்து உதைக்கத் தெரிய வேண்டாம், யார் வந்து எதைச் சொன்னாலும் முகத்தைக் கோணாமல் "அப்படிங்களா?" என்று கேட்கத் தெரிந்தால் போதும். பஸ் ஸ்டாண்டு விசாரணை அறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும், கல்யாண மண்டபத்து மேனேஜர்களுக்கும், பள்ளிக்கூட வாட்ச்மேன்களுக்கும் நான் சொல்வது உடனே புரியும். பொது இடத்துச் சாவி யார் இடுப்பில் தொங்குகிறதோ, ஊர்க் குழப்பம் முழுக்க அவர் தலையில்தான் வந்து விடியும்.

தருமபுரி மாவட்டத்து டவுன் ஒன்றின் ஸ்டேடியத்தில் எனக்கு வேலை. இண்டூர்ப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறேன். எந்த டவுன் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கே இரண்டு கால்பந்து கிளப்பும் என் வீட்டு வாசலில் வந்து நிற்கும். கோடு போடுவது, தண்ணீர் விடுவது, கேலரியைக் கூட்டுவது என்று என் பாட்டுக்கு இருந்தவளைக் கூப்பிட்டு, புதிதாக வந்த ஆபீசர் ஒரு வேலை கொடுத்தார். கேலரிக்கு அடியில் கால்பந்துக்காரர்களுக்கு ஒரே ஒரு அறை இருக்கிறது. இரண்டு கிளப்பும் அதைப் புழங்குகின்றன. கேலரியைப் புதுப்பிக்கும்போது அந்த அறையை ஒரே கிளப் பெயருக்கு ஒதுக்கிவிடலாம், ஊரில் எது முதலில் தோன்றிய கிளப்போ அதற்கே கொடுத்துவிடலாம் என்று அவர் நினைத்தார். எது முதல் என்று விசாரித்துச் சொல்ல வேண்டியது நான்.

கேட்பதற்குச் சின்ன வேலைதான். ஆனால் இரண்டு கிளப்பிலும் பெண் பிள்ளைகள் ஆடுகிறார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியிலோ விட்டு வரும் வழியிலோ வருகிற அந்தப் பிள்ளைகள் யூனிஃபார்மைக் கழற்றி ஜெர்சி போட்டுக்கொள்ள அந்த அறையை விட்டால் வேறு மறைவே கிடையாது. எந்தக் கிளப்புக்கு அறை போகிறதோ அந்தக் கிளப்புப் பிள்ளைகள் ஆடுவார்கள். மற்றவர்களை வீட்டில் அனுப்ப மாட்டார்கள்.

நியூ என்றால் புதுசா?

ஒரு கிளப்பின் பெயர் விடிவெள்ளி. இன்னொன்றின் பெயர் நியூ விடிவெள்ளி. இரண்டுக்கும் ஜெர்சி மெரூன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டு கிளப்புக்கும் ஒரு போட்டி நடந்தது. மைக் பிடிக்க வேண்டியவர் வரவில்லை என்று என் கையில் கொடுத்துவிட்டார்கள். "விடிவெள்ளி அணி ஒரு கோல்!" என்றேன். கேலரி மொத்தமும் கை தட்டியது. ஆகா, என்ன ஒற்றுமையான ஊர் என்று நினைத்தேன். அடுத்த நிமிஷம், எந்த விடிவெள்ளி என்று கேலரியின் இரண்டு பக்கமும் என்னைப் பார்த்துக் கத்தியது. பயத்தில் "பழைய விடிவெள்ளி" என்று சொல்லித் தொலைத்தேன்.

ஆட்டம் முடிந்ததும் பஷீர் பாய் வந்தார். பஜாரில் மெத்தைக் கடை வைத்திருக்கிறார். ஒரு காலத்தில் கோல்கீப்பர், இப்போது நியூ விடிவெள்ளியை நடத்துகிறவர். சத்தம் போடவில்லை. ரொம்பப் பொறுமையாகச் சொன்னார்:

"ஏம்மா, நியூன்னு போட்டிருந்தா புதுசுன்னு யாரு சொன்னது? எங்க கடைக்கு எதுத்தாப்புல நியூ விலாஸ் ஓட்டல்னு ஒண்ணு இருக்குது. எங்கப்பா கல்யாணத்துக்கு அங்கேர்ந்துதாம்மா டீ வந்துது."

நடு வட்டம்

எப்போதோ ஒரு பெரிய மனிதர் ஹெலிகாப்டரில் வந்து இறங்குவதற்காக மைதானத்தில் ஒரு வட்டம் போட்டு, உள்ளே ஆங்கிலத்தில் ஹெச் என்று எழுதியிருந்தார்கள். நான் போடுகிற சுண்ணாம்புக் கோடு ஒரு மழைக்குத் தாங்காது. அவர்கள் அடித்தது பெயின்ட். பெரிய மனிதர் போன பிறகும் அது போகவில்லை. இரண்டு கிளப்பும் அங்கே பந்தை வைத்தே ஆட்டத்தை ஆரம்பித்தன. ஹெச் என்றால் ஹாஃப் என்று நானும் அதையே சுற்றிச் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

கேலரி வேலைக்கு வந்தவர்கள் டேப் பிடித்து அளந்தபோதுதான் தெரிந்தது, அசல் நடு அங்கே இல்லை, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நன்றாகத் தள்ளி இருக்கிறது என்று. இத்தனை காலம் ஆடிய ஆட்டமெல்லாம் என்ன கணக்கில் சேரும்? விடிவெள்ளியை நடத்துகிற ஆரோக்கியம் அண்ணனிடம் ஓடினேன். சேலம் ரோட்டில் லேத் பட்டறை வைத்திருக்கிறவர், அளவு விஷயத்தில் முடி அகலம்கூட விட்டுக்கொடுக்காதவர். அவர் பதறுவார் என்று பார்த்தால், கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"ஆஃப் டைம்ல பக்கம் மாத்திக்கறம்ல, அதுல எல்லாஞ் சரியாப் போயிடும். ரெண்டு கிளப்பும் ஒரே தப்பப் பண்ணா அது தப்பில்லம்மா, ரூல்சு."

புளிக்குப் பிறகுதான் பந்து

ஆபீசர் கேட்ட கேள்விக்கு விடை தேடி, ஊரில் விஷயம் தெரிந்தவர் யார் என்று விசாரித்தேன். விஷயம் தெரிந்தவர் தானாகவே வந்தார். வெயில் காலத்தில் எங்கள் கேலரிப் படிகளில் புளியைக் கொட்டிக் காய வைப்பார்கள். அள்ளச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். அன்றும் ஒரு புளி வியாபாரி மேல் படியிலிருந்து கீழ்ப் படி வரைக்கும் பரப்பிவிட்டு நடுவில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். சாயந்திரம் ஆட்டம் இருக்கிறது என்றேன். ஸ்டேடியம் கட்டுவதற்கு முன்பு இந்த இடமே புளிக்களம்தான், களம் காலியாக இருக்கிற மாதங்களில் பந்து ஆடிக்கொள்ளச் சொன்னதே தங்கள் ஆட்கள்தான் என்று அவர் ஆரம்பித்தார்.

எனக்கு உயிர் வந்தது. அப்படியானால் முதலில் வந்து ஆடியது எந்தக் கிளப் என்று கேட்டேன். அவர் வெகு நேரம் யோசித்தார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு பேருமே எங்க புளிய மிதிச்சவனுங்கதான். மொதல்ல மிதிச்சவன் யாருன்னு நான் எங்க பாத்தேன், குனிஞ்சு புளிய அள்ளிட்டில்ல இருந்தேன்!"

இரண்டு பூட்டு

அந்த அறைக் கதவில் ஒரு இரும்பு வளையமும் நிலையில் ஒரு வளையமும் இருக்கும். இரண்டிலும் ஒரு சங்கிலியைக் கோத்து, சங்கிலியின் இரண்டு முனைக்கும் நடுவில் இரண்டு பூட்டுகளை ஒன்றோடு ஒன்று கோத்துப் போட்டிருப்பார்கள். ஒன்று பாயுடையது, மற்றது அண்ணனுடையது. இரண்டு சாவியும் இருந்தால்தான் திறக்கும் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. எந்தப் பூட்டைத் திறந்தாலும் சங்கிலி கழன்றுவிடும். அதனால் இருவரும் முகம் பார்க்காமலே, ஒரு கிளப் காலையிலும் ஒரு கிளப் சாயந்திரமும் அறையைப் புழங்கிவந்தார்கள். இருவரும் பேசி எத்தனையோ வருஷம் ஆகிறது.

ஒரு மழை நாள் சாயந்திரம் அண்ணனின் பூட்டு துருப்பிடித்துச் சிக்கிக்கொண்டது. அவர் திருகித் திருகிப் பார்க்கிறார், அசையவில்லை. பெண் பிள்ளைகள் நனைந்த யூனிஃபார்மோடு சுவரை ஒட்டி நிற்கிறார்கள். எதற்கோ அந்தப் பக்கம் வந்த பஷீர் பாய் கிட்டே வந்தார், யாரையும் பார்க்காமல் தன் பூட்டைத் திறந்தார், சங்கிலியைத் தொங்கவிட்டார், தூரப் போய் நின்று கோல்போஸ்ட்டைப் பார்த்தார். பிள்ளைகள் உள்ளே ஓடின. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பேச்சுவார்த்தை இல்லாதவர்களுக்கு உதவி செய்தீர்களே பாய் என்று கேட்டதற்கு அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் எம் பூட்டத்தாம்மா தொறந்தன். அதுல கதவு தொறந்துகிட்டா நான் என்னா பண்ணட்டும்?"

தொப்பூரில் கவிழ்ந்த லாரி

கடைசியில் இருவரையும் தனித்தனியாகவே கேட்டுவிட்டேன். முதலில் ஒரே கிளப்தான், பெயர் விடிவெள்ளி. அதுவரை இருவர் கதையும் ஒன்று. ஒரு தடவை சேலத்தில் போட்டி. முன்னால் ஒரு வேன், பின்னால் ஒரு டெம்போ என்று கிளம்பியிருக்கிறார்கள். வேன் தாண்டியதும் தொப்பூர்க் கணவாயில் லாரி ஒன்று குறுக்கே கவிழ்ந்துவிட்டது. வேனில் போன ஆரோக்கியம் அண்ணன் ஏழு பேரோடு சேலம் போய்ச் சேர்ந்தார். டெம்போவில் கோல்கீப்பர் பஷீர் பாய், மிச்ச ஆட்கள், எல்லார் ஜெர்சியும். அவர்கள் நாள் முழுக்க ரோட்டோர ஓட்டலில் உட்கார்ந்திருந்துவிட்டு ஊர் திரும்பினார்கள். சேலத்தில் வேறு வழியில்லாமல் ஆரோக்கியம் அண்ணனே கோல் நின்றிருக்கிறார். எத்தனை கோல் வாங்கினார் என்பதை மட்டும் அவர் சொல்ல மறுக்கிறார்.

நாங்கள் அங்கே அடி வாங்கும்போது இவர்கள் பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது அண்ணனின் வருத்தம். எங்களுக்காக ஒரு மணி நேரம் ஆட்டத்தைத் தள்ளிவைக்கச் சொல்லியிருக்கக் கூடாதா என்பது பாயின் வருத்தம். முதலில் ஊர் திரும்பிய பாய் அறையைப் பூட்டினார். பிறகு வந்த அண்ணன் அதே சங்கிலியின் கடைசிக் கண்ணியை அறுத்துவிட்டு, அங்கே தன் பூட்டைக் கோத்தார். அடுத்த வருஷப் போட்டிக்கு இரண்டு பேரும் விடிவெள்ளி என்றே பெயர் கொடுக்கப் போயிருக்கிறார்கள். வரிசையில் பின்னால் நின்ற பாயின் பெயருக்கு முன்னால் போட்டி நடத்தியவர்கள் ஒரு நியூவைச் சேர்த்துவிட்டார்கள். அவ்வளவுதான் சரித்திரம்.

"ஜெர்சி எங்ககிட்ட, கோல்கீப்பர் எங்ககிட்ட. அப்ப கிளப்பு எந்த வண்டியில இருந்துதுன்னு நீயே சொல்லு" என்றார் பாய். நான் தலையாட்டினேன். மறுநாள் அதை அப்படியே அண்ணனிடம் சொன்னேன். அதற்கு அவர் சொன்னதற்கும் தலையாட்டினேன்:

"ஆடுனது யாரும்மா? தோத்தது யாரு? தோத்தவனுக்குத்தாம்மா கிளப்பு சொந்தம், துணி மூட்டைக்கா சொந்தம்?"

ஆபீசருக்குச் சொன்ன பதில்

ஆபீசரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். முதல் கிளப் எது என்று மறுபடியும் கேட்டார். லாரி கவிழ்வதற்கு முன்னால் இருந்தது சார் என்றேன். அது இப்போது எங்கே என்றார். பாதி காலையில் வருகிறது, பாதி சாயந்திரம் வருகிறது என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை. ஆனாலும் சொல்லி முடித்தபோது எனக்கே தலை சுற்றியது.

வெள்ளிக்கிழமை இருவரையும் வரச் சொல்லுங்கள் என்றார். வெள்ளி பாய்க்குத் தொழுகை என்றேன். ஞாயிறு என்றார். ஞாயிறு அண்ணனுக்கு மாதா கோவில் பூசை என்றேன். அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"சனிக்கிழமை வரச் சொல்லுங்க. பேருல நியூ இல்லாதவங்கதான் பழைய கிளப்பு. ஒரு கதவு, ஒரு பூட்டு, ஒரு சாவி. இதுக்கு மேல என்னால முடியாதும்மா."

புதுக் கதவு

சனிக்கிழமை சாயந்திரம் புதுக் கதவு பளபளவென்று நின்றது. பூட்டு கதவுக்குள்ளேயே இருக்கிற மாதிரி. பழைய கதவு சங்கிலியும் இரண்டு பூட்டுமாகத் தரையில் கிடந்தது. ஆபீசர் சாவியை ஆரோக்கியம் அண்ணன் கையில் வைத்தார். பஷீர் பாய் குனிந்து பழைய கதவிலிருந்து தன் பூட்டைக் கழற்ற ஆரம்பித்தார். பாயின் பிள்ளைகள் பையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார்கள். இனிமேல் எங்கே துணி மாற்றுவது என்று ஒருத்தி என்னிடம் மெதுவாகக் கேட்டாள். பதில் தெரியாத கேள்விகள் எனக்குப் பழக்கம்தான். ஆனால் அன்றைக்கு அவள் பையை வாங்கி என் தோளில் மாட்டிக்கொண்டேன்.

ஆரோக்கியம் அண்ணன் கையிலிருந்த சாவியைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். "நல்ல கதவு சார். ஆனா சங்கிலி மாட்ட வளையம் இல்லியே?" என்றார். உள்ளேயே பூட்டு இருக்கும்போது சங்கிலி எதற்கு என்றார் ஆபீசர். "ஒத்தப் பூட்டு மழையில சிக்கிக்கும் சார். எனக்குச் சிக்கிகிச்சு. அன்னிக்கிப் பாய் பூட்டு இருந்துது, எம் புள்ளைங்க உள்ள போச்சுங்க" என்று சொல்லி, சாவியை ஆபீசர் கையிலேயே திருப்பி வைத்துவிட்டார். தன் பட்டறையிலிருந்து வளையம் கொண்டுவந்து தானே வெல்டு வைப்பதாகவும், உள்பூட்டைப் போடாமல் விட்டுவிடும்படியும் கேட்டார். ஆபீசர் மறுபடியும் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, என்னமோ செய்துகொள்ளுங்கள் என்றார். நான் அப்படிங்களா என்றுகூடக் கேட்கவில்லை.

கழற்றிய பூட்டோடு பஷீர் பாய் நிமிர்ந்தார். இத்தனை வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக அண்ணன் முகத்தைப் பார்த்துப் பேசினார்:

"வளையத்த கெட்டியா வெய்யி ஆரோக்கியம். சேலத்துல நீ கோல் நின்ன மாதிரி வெச்சுடாத."

எங்கள் ஊரில் முதலில் தோன்றிய கிளப் எது என்று யாராவது கேட்டால், இப்போதெல்லாம் நான் அவர்களைக் கூட்டிப் போய், நடுவில் இல்லாத அந்த நடு வட்டத்தில் நிற்க வைத்து, அங்கிருந்து தெரிகிற இரண்டு பூட்டையும் காட்டிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறேன்.