சித்தியாக இரண்டு நாள்

ரோடிக்கா ஆஸ்திரியாவுக்கு வந்து பதினாலு வருஷம் ஆகியும் வியன்னாவை ஒழுங்காகப் பார்த்ததில்லை. ருமேனியாவின் போட்டொஷானிலிருந்து வேலைக்கு ஆள் ஏற்றிவரும் வேன் அந்த நகரத்தை ஓரமாகத் தொட்டுக்கொண்டு போகும். புறநகர் பெட்ரோல் பங்கில் கால்மணி நேரம் நிற்கும். ஒரு காப்பி குடித்துவிட்டு ஏறினால் அப்புறம் இறங்குவது ஸ்டயர் பக்கத்துக் கிராமத்தில், தெரேசியா என்ற தொண்ணூறு வயதுக்காரியின் வீட்டு வாசலில்தான். ரோடிக்கா கூடவே தங்கிப் பார்த்துக்கொள்ளும் நாலாவது முதியவள் இவள். முந்தைய மூன்று பேரும் அவள் கையில்தான் போய்ச் சேர்ந்தார்கள்.

ரோடிக்காவின் ஒரே மகள் இலிங்கா இரண்டு வருஷமாக வியன்னாவில் பிசியோதெரபி படிக்கிறாள். ரயிலில் இரண்டு மணி நேரத் தூரம். ஆனாலும் "பரீட்சை இருக்கு", "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று தள்ளிக்கொண்டே வந்தாள். நவம்பர் முதல் வாரத்தில் தெரேசியாவின் மகன் இரண்டு நாள் அம்மாவோடு வந்து தங்குவதாகச் சொல்ல, ரோடிக்கா கேட்காமலே டிக்கெட் எடுத்துவிட்டாள். எடுத்த பிறகுதான் போன் செய்தாள். மறுமுனை "சரி, வா" என்றது.

வெள்ளிக்கிழமை முழுக்க தெரேசியாவின் அடுப்பில் வால்நட் வைத்து இனிப்பு ரொட்டி சுட்டாள். சனிக்கிழமை காலை பத்தரைக்கு வெஸ்ட்பான்ஹோஃப் ஸ்டேஷனில் இறங்கியபோது அந்த ரொட்டி துண்டில் சுற்றியபடி அவள் மார்போடு இருந்தது.

இலிங்கா தனியாக வரவில்லை. பக்கத்தில் சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பெண். அறைத்தோழி வலேரி, வியன்னாவிலேயே பிறந்து வளர்ந்தவள். ரோடிக்கா மகளைக் கட்டிக்கொள்ளக் கையை விரிப்பதற்குள் வலேரி முந்திக்கொண்டு கையைக் குலுக்கினாள்.

"வாங்க வாங்க! நீங்கதானே இலிங்காவோட சித்தி? அவங்க அம்மாவை போட்டோவிலதான் பார்த்திருக்கேன். ஜாடை அப்படியே இருக்கு!"

ரோடிக்கா மகளைப் பார்த்தாள். இலிங்காவின் முகத்தில் ரத்தமே இல்லை.

"ஒண்ணும் சொல்லாதே. அப்புறம் சொல்றேன்" என்றாள் ருமேனிய மொழியில், வேகமாக. அந்த மொழியிலும் அம்மா என்ற சொல்லை அவள் வாயில் எடுக்கவில்லை. அந்தச் சொல் ஜெர்மனிலும் ஏறக்குறைய அதேதான்; எடுத்திருந்தால் வலேரிக்குப் புரிந்திருக்கும்.

ரோடிக்கா கையிலிருந்த ரொட்டியை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். "ஆமாம்மா, சித்திதான்" என்றாள்.

வலேரி வாய்விட்டுச் சிரித்தாள். "ஐயோ, எங்க தாத்தா மாதிரியே பேசறீங்க! இந்த ஜெர்மனை எங்க பிடிச்சீங்க?"

"கிழவிங்ககிட்டதான். வேற யாரு எனக்குச் சொல்லித் தந்தா?"

வலேரிக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. ஊர் சுற்றிக் காட்டுவது தன் பொறுப்பு என்று கிளம்பிவிட்டாள். நாஷ்மார்க்ட் சந்தையில் ஆலிவ் காய்களை ருசி பார்க்கச் சொல்லிக் கடைக்காரர்கள் நீட்டினார்கள். வலேரி எல்லாவற்றையும் வாங்கித் தின்றாள். பழைய சாமான் விற்கும் பக்கம் யாரோ செத்துப்போனவர்களின் கண்ணாடிகளும் குடும்பப் படங்களும் ஈரத் துணியில் பரப்பிக் கிடந்தன. டிராமில் நகரத்தைச் சுற்றி வந்தார்கள். ஜன்னல் முழுக்க மழைத்தூற்றல். அரண்மனை, அரங்கு, பாராளுமன்றம் என்று வலேரி ஒவ்வொன்றாகக் காட்ட, ரோடிக்கா தலையாட்டினாள். கண்ணில் ஒன்றும் பதியவில்லை. எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்த மகளின் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனியெல்லாம் புண்ணாக இருந்தது. இந்தப் பழக்கம் எப்போது வந்தது என்று அவளுக்குத் தெரியாது.

மத்தியானம் அறைக்குப் போனார்கள். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அந்தப் போட்டோ இருந்தது. ரோடிக்காவின் அக்கா வியோரிக்கா, மாவு படிந்த கையோடு, பத்து வயது இலிங்காவுக்குப் பின்னால் நிற்கிறாள். புருஷன் இன்னொருத்தியோடு இத்தாலிக்குப் போய்விட, எட்டு வயது மகளை அக்காவிடம் விட்டுவிட்டு வேன் ஏறியவள் ரோடிக்கா. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பத்து நாள் ஊருக்குப் போவாள். முதல் மூன்று நாள் பிள்ளை கிட்டே வராது. ஏழாவது நாளிலிருந்து அழ ஆரம்பிக்கும்.

வலேரி ரொட்டி வாங்கக் கீழே இறங்கியதும் ரோடிக்கா கேட்டாள். "எப்போ சொன்னே இப்படி?"

"வந்த அன்னிக்கே. போட்டோவைப் பார்த்து உன் அம்மாவான்னு கேட்டா. ஆமான்னுட்டேன். அவ்வளவுதான்."

"அப்புறம் மாத்திச் சொல்லியிருக்கலாமே?"

இலிங்கா தட்டுகளை எடுத்து மேஜையில் வைத்தாள். மூன்றையும் ஒரே வரிசையில் நகர்த்தினாள். "மாத்தணும்னு தோணலை."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் பேசியிருக்கலாம். அவள் மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோல் சொன்னாள்.

விசித்திரம் என்னவென்றால், அன்று சாயங்காலம் இலிங்கா கலகலப்பாகவே இருந்தாள். சித்தியிடம் அவளுக்கு எந்த வழக்கும் இல்லை போலும். இனிப்பு ரொட்டியில் மூன்று துண்டு தின்றாள். பேராசிரியர் நடப்பதுபோல் நடந்து காட்டினாள். "சித்தி, இவ குறட்டை விடுவா தெரியுமா?" என்று வலேரியைக் காட்டிச் சொன்னாள். "பொய் சொல்றா! நீதான்டி ரயில் எஞ்சின்!" என்று வலேரி தலையணையை எறிந்தாள். ரோடிக்காவும் சிரித்தாள். மகள் இப்படிச் சிரித்து அவள் பார்த்ததே இல்லை. அம்மாவாக வந்திருந்தால் இன்றும் பார்த்திருக்க மாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துக் காலென்பெர்க் மலைக்குப் போனார்கள். மேலேயிருந்து பார்த்தால் நகரம் மொத்தமும் டான்யூப் ஆறும் தெரியும் என்று வலேரி முந்தின நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். போய் நின்றால் கைப்பிடிச் சுவருக்கு அப்பால் ஒன்றுமே இல்லை, வெறும் பனிமூட்டம்.

"அங்கதான் இருக்கு, சத்தியமா!" என்று வலேரி நொந்துகொண்டாள்.

"இருக்கட்டும்மா. ஊர் எங்கே போகப்போகுது" என்றாள் ரோடிக்கா.

இறங்கி வரும் வழியில் திராட்சைத் தோட்டக்காரர் ஒருவரின் மதுக்கடையில் உட்கார்ந்தார்கள். இலிங்கா உள்ளே போய் வரிசையில் நின்றாள். வலேரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இலிங்கா அம்மாவைப் பத்தி நிறையச் சொல்வா. காய்ச்சல்ல பதினாறு நாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாங்களாமே? பள்ளிக்கூட நாடகத்துக்கு ராத்திரியோட ராத்திரியா இறக்கை தைச்சுக் கொடுத்தாங்களாமே?"

இறக்கையைப் பற்றி ரோடிக்காவுக்குத் தெரியும். போனில் கேட்டிருக்கிறாள். காய்ச்சலைப் பற்றித் தெரியாது. யாரும் அவளிடம் சொல்லவில்லை.

"நல்லவ" என்றாள். "எங்க அக்கா ரொம்ப நல்லவ. வாய்தான் கொஞ்சம் நீளம்."

"உங்களுக்குப் பசங்க இல்லையா?"

இலிங்கா மூன்று கண்ணாடிக் குவளைகளோடு வலேரியின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். ரோடிக்கா அவளைப் பார்த்தாள். அவளும் பார்த்தாள். இப்போதாவது தலையை லேசாக அசைத்தால் போதும், உண்மையைச் சொல்லிவிடலாம். இலிங்கா அசையவில்லை.

"இல்லைம்மா" என்றாள் ரோடிக்கா. "எனக்கு வேலையே சரியாப் போச்சு."

"அச்சச்சோ" என்று வலேரி அவள் கையைத் தடவிக் கொடுத்தாள். இலிங்கா குவளைகளை வைத்தாள். ஒன்று தளும்பி மேஜையில் கொட்டியது. யாரும் துடைக்கவில்லை.

மூன்றரை மணி ரயிலுக்கு இலிங்கா மட்டும் வழியனுப்ப வந்தாள். பிளாட்பாரத்தில் எட்டு நிமிஷம் மீதி இருந்தது.

"நீ உண்மையைச் சொல்லுவேன்னு நினைச்சேன்" என்றாள் இலிங்கா.

"சொல்லணும்னு நினைச்சியா, சொல்லக்கூடாதுன்னு நினைச்சியா?"

இலிங்கா விரலை வாய்க்குக் கொண்டுபோனாள். ரோடிக்கா அந்தக் கையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினாள்.

"தெரியலை" என்றாள் மகள். பிறகு தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே, "எனக்குக் காய்ச்சல் வந்தப்போ உனக்கு போன் பண்ண வேண்டாம்னு நான்தான் பெரியம்மாகிட்ட சொன்னேன். பண்ணியும் நீ வராமப் போயிட்டா என்ன பண்றது?"

ரயில் வந்தது. கட்டிக்கொண்டார்கள். யார் முதலில் விட்டது என்பது ரோடிக்காவுக்கு நினைவில்லை.

அதற்குப் பிறகு மூன்று தடவை வியன்னா போனாள். மூன்று தடவையும் சித்தியாகவே போனாள். வலேரி அவளுக்கென்று ஒரு ஜோடி வீட்டுச் செருப்புக்கூட வாங்கி வைத்திருந்தாள். அடுத்த ஜூனில் இலிங்காவின் பட்டமளிப்பு விழா வந்தது. வியோரிக்கா ஊரிலிருந்து வேனில் புறப்பட்டு வந்தாள். ரோடிக்கா போகவில்லை. கிழவிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினாள். தெரேசியா அன்று தோட்டத்தில் உட்கார்ந்து செர்ரிப் பழம் தின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அக்கா போன் செய்தாள்.

"நீ வராம எப்படிடி? எனக்கு அங்க கையும் ஓடலை காலும் ஓடலை. அந்தச் சிவப்புத் தொப்பிப் பொண்ணு வேற, பார்க்கிறவங்ககிட்டயெல்லாம் என்னைக் காட்டி, இவங்கதான் இலிங்காவோட அம்மான்னு சொல்லிக்கிட்டே இருந்தா. அந்த ஒரு வார்த்தை எனக்குப் புரிஞ்சுது. மீதிக்குப் பாஷை தெரியாம நானும் தலையாட்டிட்டேன். இலிங்காவும் பக்கத்தில நின்னு பேசாம இருந்துட்டா. தப்புப் பண்ணிட்டேனாடி?"

ரோடிக்கா உருளைக்கிழங்குக் கூடையைக் கிட்டே இழுத்தாள். அக்கா அந்தப்பக்கம் "கேக்குதா? கேக்குதா?" என்றாள்.

"கேக்குது. தப்பில்லைக்கா" என்றாள் ரோடிக்கா. "துணிக்கடை பொம்மை மாதிரி நிக்காம நல்லாச் சாப்பிட்டியா, அதைச் சொல்லு."

அக்கா சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். ரோடிக்கா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கிழவியின் மத்தியானச் சூப்புக்கு உருளைக்கிழங்கைத் தோலுரிக்க உட்கார்ந்தாள்.