ஏழாம் டிராக்கில் நாலு தட்டு

இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில். பேய் என்றால் நடுராத்திரியில் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டுதான் வரும் என்று அடம்பிடிப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஜெனின் எனக்குப் பத்து வருடப் பழக்கம். கதை கட்டிச் சொல்லும் அளவுக்கு அவனுக்குக் கற்பனை கிடையாது.

மயிலாடியில் ஜெனினும் விபினும் சேர்ந்து ஒரு சின்ன ரெக்கார்டிங் ஸ்டுடியோ நடத்தினார்கள். சிற்பப் பட்டறைகளுக்கு நடுவில் போய் ஸ்டுடியோ வைத்த புத்திசாலிகள்! காலை முதல் சாயங்காலம் வரை சுற்றிலும் டக் டக் என்று உளிச்சத்தம். பட்டறைகள் சாப்பாட்டுக்கு நிறுத்தும் ஒரு மணியிலிருந்து இரண்டு மணி வரைதான் பாட்டுப் பதிவு. அப்போதும் எங்காவது ஒரு உளி தட்டும். குரலுக்கும் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி டிராக். சத்தத்தைத் தடுக்க ஒவ்வொரு டிராக்கிலும் நாய்ஸ் கேட் என்ற எஃபெக்ட் போட்டிருந்தார்கள். அது ஒரு வாசல் மாதிரி. வைத்த அளவுக்குக் கீழே உள்ள சத்தத்தை உள்ளே விடாது. எப்போதும் மைனஸ் முப்பது டெசிபலில் இருக்கும். மைனஸ் அறுபதுக்கு இறக்கினால் முணுமுணுப்புகூட உள்ளே வந்துவிடும்.

பாடுவது விபின். பாடும் முன் மோதிரத்தால் மைக் ஸ்டாண்டில் நாலு தட்டு தட்டுவான். டக்... டக்... டக்... டக். அது இல்லாமல் அவனுக்குப் பாட்டு தொடங்காது.

போன ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை விபின் எழுந்திருக்கவில்லை. வயது முப்பத்தாறு. பக்கத்துத் தெரு டாக்டர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். ஃப்ரீசர் பெட்டி கிடைக்கவில்லை. கொளுத்தும் வெயில். மோதிரம் விரலை விட்டு வரவில்லை என்று அப்படியே விட்டார்கள். பன்னிரண்டரைக்கு குடும்பக் கல்லறையில் வைத்து, கருங்கல் பலகையால் மூடியாயிற்று.

விபினின் மனைவி ஜெஸ்மி ஜெனினைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, அவரு கடைசியா பாடுன பாட்டு... மூணாம் நாள் ஜெபத்துக்குப் போடணும். முடிச்சுத் தருவியளா?"

"தாரேன் மக்கா."

அழுகை வரவில்லை. ஜெனினுக்குள் எதுவுமே வரவில்லை. கல்லறையிலிருந்து நேராக ஸ்டுடியோவுக்கு நடந்தான். மணி 1:04.

எஃபெக்டுகள் வைப்பது விபின் வேலை. எதை எந்த அளவில் வைத்தான் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க ஜெனினுக்குத் தெம்பில்லை. நல்லவேளை, போன மாதம்தான் ஒரு ஏஐ ஏஜென்ட்டை ரெக்கார்டிங் மென்பொருளோடு இணைத்திருந்தார்கள். அது எஃபெக்ட் அளவுகளை வாசித்துத் திரையில் எழுதும். மாற்றாது. சத்தத்தைக் கேட்கவும் அதற்குக் காது இல்லை.

"எல்லாத்தையும் வாசி. ஏதாவது மாறினா உடனே சொல்லு" என்று டைப் செய்தான்.

1:11. திரையில் ஒரு வரி வந்தது.

"ஏழாம் டிராக். நாய்ஸ் கேட் நான்கு முறை திறந்தது."

ஏழு, விபினின் டிராக். பாட்டை இன்னும் ஓடவிடவே இல்லை. மைக் கேபிள் சுருட்டி ஆணியில் தொங்குகிறது. ஹெட்போனை மாட்டினான். ஒன்றுமில்லை.

1:14. "மீண்டும் நான்கு முறை."

1:19. "கேட் அளவு மைனஸ் முப்பதிலிருந்து மைனஸ் நாற்பதுக்கு இறங்கியது."

"நீயா மாத்துன?"

"இல்லை. எனக்கு வாசிக்க மட்டுமே அனுமதி."

மென்பொருள் கோளாறு என்று நினைத்தான். பயப்படுவதற்குக்கூட அவனுக்குள் ஆள் இல்லை. திரும்ப முப்பதில் வைத்தான்.

1:27. மைனஸ் நாற்பத்தெட்டு. நான்கு முறை.

திரும்ப முப்பது.

1:36. மைனஸ் அறுபது... மூன்று முறை.

எரிச்சலில் முப்பதில் வைத்துப் பூட்டினான்.

1:43. "கேட் மூடியே இருக்கிறது."

அவ்வளவுதான்.

இரண்டு மணிக்கு வெளியே உளிகள் தொடங்கின. டக் டக். வழக்கம்போல.

ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் பாட்டு ஓடியது. எல்லோரும் அழுதார்கள். ஜெனின் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பத்து நாள் கழித்து சுடலையாண்டி ஸ்டுடியோவுக்கு வந்தார். கல்லறைப் பலகையின் இடுக்கில் சிமெண்ட் பூசிய கொத்தனார்.

"மனசு கேக்கல தம்பி. அன்னைக்கு எல்லாரும் போன பொறவு நான் பூசிக்கிட்டிருந்தேன். எங்கயோ கொத்துத சத்தம். சாப்பாட்டு நேரத்துல எவன் கொத்துதான்னு நெனச்சேன். நம்ம ஊருல டக் டக்குக்கு யாரு திரும்பிப் பாப்பா?"

"எப்படிக் கேட்டுச்சு?"

சுடலையாண்டி விரலை மடக்கி மேசையில் தட்டினார்.

டக்... டக்... டக்... டக்.

கொஞ்சம் நிறுத்தினார்.

மறுபடி நாலு.

"எப்பம் நின்னுது?"

"ஒண்ணே முக்காலுக்குக் கொஞ்சம் முன்ன. கடைசியில ரொம்ப மெதுவாத்தான் கேட்டுச்சு."

ஜெனினுக்கு அப்போதும் அழுகை வரவில்லை. திரையைத் திறந்து பார்த்தான். ஏழாம் டிராக்கில் அவன் போட்ட பூட்டு அப்படியே இருந்தது.

ஜெஸ்மியிடம் அவன் இன்றுவரை சொல்லவில்லை.