மணியின் நாக்கில் ஒரு காலுறை

சிங்கப்பூர் தேக்காவில் ஒரு கடையில் தொங்கிய பித்தளை மணியைக் கண்டதும், அடித்துவிடுமோ என்று என் கை தானாக அதன் நாக்கைப் பிடித்துக்கொண்டது. ஆறு வயதில் நான் இருந்த, இன்று அடுக்குமாடி வீடுகளுக்கு அடியில் மறைந்துவிட்ட தோ பாயோ சிறுவர் விடுதியில், சாப்பாட்டு மணி அடித்ததும் வெளிக்கதவைப் பூட்டிவிடுவார்கள். பிறகு யாரும் பார்க்க வர முடியாது. “மணி அடிக்கிறதுக்குள்ள வந்துடுவேன்” என்று சொல்லிப்போன அம்மாவுக்காக, தினமும் குழம்பு வாசம் எழுந்ததும் கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் என் காலுறையை மணியின் நாக்கில் இறுக்கிச் சுற்றினேன்.

“என்ன லா, மணி ஊமையாப் போச்சு?” என்று சமையல்கார அக்கா கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தார்.

கதவு திறந்தே கிடந்தது. இருட்டும்வரை யாரும் வரவில்லை. மணியைவிட அந்தத் திறந்த கதவு பயமாக இருந்தது. ஓடிப்போய்க் காலுறையை நானே அவிழ்த்தேன். மணி அடித்தால்தானே, அதனால்தான் அம்மா வரவில்லை என்று நினைத்துக்கொள்ள முடியும்.