நான் தலையிலை வச்ச வெள்ளைப் பூ

நீ சிரிப்பாய் எண்டு தெரியும் பிள்ளை, சிரி. பேய் பிசாசு எண்டு ஆரும் கதை துடங்கினால் எழும்பிப் போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணி வைக்கிறவள் நான். சுடலைக்குப் பின்பக்கத்து வளவிலை பிறந்து வளந்தனான், ஒண்டுக்கும் பயந்ததில்லை. நாய்க்குப் பயம்தான், அது வேறை. ஆனால் இது நடந்தது. நம்பினால் நம்பு, நம்பாட்டி அந்த முறுக்கைத் தின்.

அது எண்பதுகளிலை. மகன் லண்டனிலை படிச்சு முடிச்ச வருசம். அவன்ரை பட்டமளிப்புக்குப் போற சாட்டிலை ஐரோப்பாவையும் ஒருக்காப் பாப்பம் எண்டு இவர் சொன்னார். அப்பவே நாங்கள் நியூசிலாந்துக்கு வந்திட்டம். இவர் பென்ரோசிலை ஒரு பக்டரியிலை வேலை, ஓவர்டைம் செய்து புதுக் கமரா ஒண்டு வாங்கி வச்சிருந்தவர், அதைப் பிள்ளைத்தாச்சியைப் பாக்கிற மாதிரிப் பாத்தவர். லண்டனிலை இருந்து ஒரு சுற்றுலா பஸ்ஸிலை நாங்கள் ரெண்டு பேரும் வெளிக்கிட்டம். எனக்கு எழுத வாசிக்கத் தெரியாதே, ஊர்ப் பேர் வாயிலை நிக்காது. பரிஸ் எண்டால் கால் வீங்கின ஊர், சுவிஸ் எண்டால் மாட்டுக்கு மணி கட்டின ஊர். ஐயோ, அந்தப் பச்சை! நாப்பது வயசுக்குப் பிறகு எனக்குக் கலியாணம் நடந்த மாதிரிச் சந்தோசம்.

இத்தாலியிலை ஒரு பழைய கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாங்கள், தேவாலயம்தான், எனக்கு எல்லாம் கோயில்தான். உள்ளுக்கை ஒரு பக்கமாக் கல்லிலை ஒரு அம்மன் படுத்திருக்கிறா. தலையிலை முக்காடு, கும்பிட்ட கை, அவ்வளவு வடிவு. நெஞ்சிலை ஆரோ ஒரு வெள்ளைப் பூ வச்சிருந்தினம். இவர் படம் எடுத்தார். நான் கும்பிட்டன், சுத்தி வந்தன், பிரசாதம் எண்டு நினைச்சு அந்தப் பூவை எடுத்துத் தலையிலை வச்சன். எங்கடை கோயிலிலை அப்பிடித்தானே? ஆரும் ஒண்டும் சொல்லேல்லை.

அதுக்குப் பிறகு வெனிஸ், வீதி முழுக்கத் தண்ணி. பிறகு ஒரு பெரிய ஆத்திலை கப்பல், பிறகு பெரிய காத்தாடி ஆலையள் சுத்துற ஊர். எல்லா இடத்திலையும் இவர், "நீர் முன்னாலை நடவும், நான் ஒரு படம் எடுத்திட்டு வாறன்" எண்டு பின்னாலை நிண்டிடுவார். அப்ப நான் ஒண்டும் யோசிக்கேல்லை.

ஒனிஹங்காவுக்கு, எங்கடை வீட்டுக்குத் திரும்பி வந்து கொஞ்ச நாளிலை படமெல்லாம் கழுவி வந்திட்டுது. அந்த நாளையிலை சிலைட் எண்டு, சின்னச் சதுரத் துண்டு, மிசினிலை போட்டால் சுவரிலை பெரிசாத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யன்னலுக்குப் போர்வை கட்டி, சுவரிலை வெள்ளைத் துணி கட்டி, பக்கத்து வீட்டு ரோஸ்மேரியையும் கூப்பிட்டம். அவ மலேசியாவிலை ஈப்போவிலை இருந்து வந்த வேதக்காரப் பிள்ளை, கறி பஃப் பொரிச்சுக்கொண்டு வந்தவ. உள்ளுக்கு அவ்வளவு காரம், நான் நாலு திண்டனான்.

முதல் எல்லாம் சிரிப்பு. பரிசிலை என்ரை சப்பாத்துக் கையிலை, சுவிசிலை மாடு. பிறகு வெனிஸ். பாலத்திலை நான் நிக்கிறன், எனக்குப் பின்னாலை தூரத்திலை ஒருத்தி. வெளிறின நீட்டுச் சட்டை, முக்காடு, முகம் வடிவாத் தெரியேல்லை. சரி, ஊராக்கள் எண்டு விட்டன். அடுத்தது கப்பல். அவளேதான். இன்னும் கிட்ட. காத்தாடி ஊரிலை எனக்கு ரெண்டு முழத்திலை நிக்கிறாள்.

கையிலை இருந்த கறி பஃப்பைத் தட்டிலை வச்சிட்டன். பஸ்ஸிலை வந்த ஒவ்வொருத்தரையும் எனக்குத் தெரியும் பிள்ளை, எல்லாருக்கும் பயித்தம் பணியாரம் குடுத்தனான். இவள் பஸ்ஸிலை வந்தவள் இல்லை. அப்ப ஊர் ஊரா எங்களுக்குப் பின்னாலை எப்பிடி வந்தவள்? ஆர் சொல்லி வந்தவள்?

"ஆர் உவள்?" எண்டன்.

"எனக்கென்னப்பா தெரியும்? நான் எடுக்கேக்கை நீர் மட்டும்தான் நிண்டனீர்."

"கண்ணை மூடிக்கொண்டோ எடுத்தனீங்கள்? 'முன்னாலை நடவும், முன்னாலை நடவும்' எண்டு என்னைக் கலைச்சது இதுக்குத்தானோ?"

"விசர்க் கதை கதையாதையும், ரோஸ்மேரி இருக்கிறா."

"இருக்கட்டும்! அவவும் கேக்கட்டும்!"

எழும்பிப் போய் அலுமாரிக்கு மேலை இருந்த சூட்கேசை இழுத்துக் கீழை போட்டன். மகனிட்டைப் போறன், இனி இந்த மனிசனோடை ஒரு வீட்டிலை இருக்கமாட்டன் எண்டு சத்தியமா நினைச்சன். முப்பது வருசம் சமைச்சுப் போட்டதுக்கு இதோ எண்டு நெஞ்சு பத்தி எரியுது. இவர் மிசினுக்குப் பக்கத்திலை கல்லு மாதிரி இருக்கிறார், முகம் வெளிறிப் போச்சு. அதுவும் எனக்குக் கள்ள முழியாத்தான் தெரிஞ்சுது.

பாவம் ரோஸ்மேரி, சண்டையை நிப்பாட்ட ஏதோ சொல்லவேணும் எண்டு, "அண்ணே, நான் எடுத்தது இன்னும் வரல லா. நீங்க வந்து எறங்குன அன்னிக்கு வாசல்ல வச்சு எடுத்தேனே, அதப் போடுங்க" எண்டா. பிலிமிலை கடைசி ஒண்டு மிச்சம் இருக்கெண்டு இவர் கமராவை அவவிட்டைக் குடுத்தவர், அது உண்மை.

இவர் மிசின் பட்டனை அமத்தினார். டக் எண்டு விழுந்துது.

எங்கடை வீட்டு வாசல். இந்தப் பக்கம் பெட்டியோடை இவர், அந்தப் பக்கம் நான். நடுவிலை அவள். ஒரு கை என்ரை தலையை நோக்கி நீண்டிருக்கு.

ரோஸ்மேரி சிலுவை போட்டுக்கொண்டு, "அக்கா, நான் ரெண்டு பேரத்தான் எடுத்தேன். எங்கம்மா மேல சத்தியம்" எண்டா. இவரும் படத்துக்குள்ளை நிக்கிறாரே, இவர் எப்பிடி ஒருத்தியைக் கூட்டி வந்து நிப்பாட்டுறது? நான் சூட்கேசை விட்டிட்டன்.

பிறகு ரோஸ்மேரிதான், இவ எங்கயிருந்து வந்தான்னு பாப்போம் எண்டு படங்களைத் திருப்பிப் பின்னாலை போடச் சொன்னா. வெனிஸ், அதுக்கு முதல் அந்தக் கோயில். கல்லிலை படுத்திருக்கிற அம்மன். அதே முக்காடு. அதே சட்டை. நெஞ்சிலை பூ.

"அக்கா, இது சாமி இல்ல. இது செத்தவங்க சமாதி. அந்தப் பூவ நீங்க..."

"பிரசாதம் எண்டு..." நான் தலையைத் தொட்டுப் பாத்தன்.

நான் பத்திரமாக் கொண்டுவந்து வச்ச பூ சாமிப்படத்துக்குக் கீழை காஞ்சு கிடந்துது. நான் தொடமாட்டன் எண்டிட்டன். ரோஸ்மேரி செபம் சொல்லிக் கடுதாசியிலை சுத்தித் தர, இவர் அதை லண்டனிலை இருந்த மகனுக்கு அனுப்பினார். அவன், "அம்மா உங்களுக்கு விசரே" எண்டு போனிலை கத்திப்போட்டும் இத்தாலிக்குப் போய்த் திருப்பி வச்சிட்டு வந்தவன், நல்ல பிள்ளை. இவரிட்டை நான் மன்னிப்புக் கேக்கேல்லை. ஒரு கிழமைக்கு இறால் குழம்பு வச்சுக் குடுத்தன், அவருக்கு விளங்கீட்டுது.

அதுக்குப் பிறகு ஒரு படத்திலையும் அவளைக் காணேல்லை. ஆனால் பிள்ளை, அந்த அல்பத்தை எடு. இது மகன்ரை கலியாணம், இது எங்கடை அறுபதாம் கலியாணம், இது போன மாசம் பேத்தி எடுத்தது. எல்லாத்திலையும் எனக்கு இடப்பக்கம் பார். எல்லாரும் நெருக்கி நிக்கினம், அந்தப் பக்கம் மட்டும் ஒராள் நிக்கிற அளவுக்கு இடம் கிடக்கு. ஆரும் விடச் சொல்லேல்லை. பேத்தி ஒவ்வொருக்காவும் "கிட்ட வாங்கோ, கிட்ட வாங்கோ" எண்டு இங்கிலீசிலை கத்துவாள்.

நான் கிட்டத்தான் நிக்கிறனான்.